பழைய காரில் பிரேக் ஆயில் குறைந்தால்: ஊற்றி ஓட்டுவதா, ஓஸ் மாற்றுவதா?

டோல்கேட் அருகே யூ-டர்ன் எடுக்கும்போதுதான் முதலில் பார்த்தேன். டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. வண்டி நேரானதும் ஒன்றும் இல்லை. ஹேண்ட் பிரேக்கைச் சரியாக இறக்கவில்லையோ என்று ஒருமுறை இழுத்து இறக்கினேன். அடுத்த வளைவில் மறுபடியும் எரிந்தது. வண்டி 2004 மாடல் மாருதி ஜென். வயது இருபதைத் தாண்டிவிட்டது. வளைவில் முனகுவது அதற்குப் புதிதல்ல. விளக்குப் போடுவது புதிது.

வடசென்னை தண்டையார்பேட்டைக்கு வந்து பானெட்டைத் திறந்தால், பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் சற்றுக் கீழே. வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது உள்ளே இருக்கும் மிதவை இறங்கி விளக்கை எரியவிட்டிருக்கிறது. பல கார்களில் ஹேண்ட் பிரேக்குக்கும் ஆயில் குறைவுக்கும் ஒரே விளக்குதான். அதனால்தான் நம்மில் பலர் ஹேண்ட் பிரேக்கை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

அன்று இரவுக்குள் நான்கு யோசனைகள் வந்துவிட்டன. மைத்துனர், "ஒரு பாட்டில் வாங்கி ஊத்துங்க மாமா, போதும்" என்றார். எதிர்வீட்டு அண்ணன், சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய்களில், அதாவது ஓஸ்களில், எது கசிகிறதோ அதை மட்டும் மாற்றச் சொன்னார். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வண்டிகளைப் பதினைந்து வருடமாகப் பார்க்கும் பாய், "ஒண்ணு போச்சுன்னா மத்தது மட்டும் புதுசா கீதா சார்? எல்லாத்தையும் மாத்திக்கினு போங்க" என்றார். ஆபீஸ் நண்பர் வண்டியையே தள்ளிவிடச் சொன்னார். அவருடைய யோசனையை இத்தோடு விட்டுவிடுகிறேன். ஓஸ் மாற்றும் காசுக்குப் புது வண்டியின் ஒரு டயர்கூட வராது. மற்ற மூன்றும் நிஜமாகவே யோசிக்க வேண்டியவை.

யோசிப்பதற்கு முன்னால் ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம், நானும் இங்கே அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம், தண்ணீரோடு கலந்துவிடும். பெயரில் ஆயில் இருக்கிறதே என்று அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக்கில் உள்ள ரப்பர் மீது பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். ஓஸின் உள்சுவர், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) கிட், காலிப்பர் (டிஸ்க்கில் பேட்டை அழுத்துவது) சீல், வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் அதே வேலை செய்வது) கப் என்று ரப்பர் இருக்கும் ஒவ்வொன்றையும் கழற்றி மாற்ற வேண்டி வரும். ஒரு சொல் செய்கிற வேலையைப் பாருங்கள்.

போன ஆயில் எங்கே போனது?

எந்த யோசனை சரி என்பது முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம், ரேடியேட்டர் தண்ணீர் ஆவியாகிக் குறையலாம். பிரேக் ஆயில் அப்படிச் செலவாகாது; மூடிய குழாய்க்குள் அங்கேயும் இங்கேயும் நகர்வதுதான் அதன் வேலை. டப்பாவில் குறைந்தால் இரண்டே காரணம்: ஒன்று, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே போயிருக்க வேண்டும்.

நகர்வது என்பது இப்படி. முன் சக்கரத்துப் பிரேக் பேட் தேயத் தேய, காலிப்பரின் பிஸ்டன் முன்னால் வந்து நிற்கும். பின்னால் விட்ட இடத்தை ஆயில் நிரப்பும். அந்த அளவு டப்பாவில் குறையும். மாதக்கணக்கில் மெல்லக் குறைந்து, பெடல் பழையபடி உறுதியாகவே இருந்தால் முதலில் பேட்டைத்தான் பார்க்க வேண்டும். இங்கே அவசரப்பட்டு மேல்கோடு வரை ஊற்றிவிட்டால் வேறு தொல்லை. புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள்; அத்தனை ஆயிலும் திரும்பி வந்து டப்பாவிலிருந்து வழியும். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். வழிந்தால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

வெளியே போவதைக் கண்டுபிடிக்க ராத்திரி வண்டிக்கு அடியில், நான்கு சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். காலையில் அட்டையில் எங்கே ஈரம் என்று பாருங்கள். ஏ.சி. தண்ணீர் நடுவாக்கில் சொட்டும், அது வேறு. சக்கரத்தின் உள்பக்கச் சுவரில் வழுவழுப்பான ஈரம், தொட்டால் கையில் வழுக்கி, தண்ணீர் ஊற்றினால் சுலபமாகக் கழுவிப்போகிறதா? அதுதான். பின் சக்கரத்தில் டிரம் உள்ள வண்டியானால், டிரம்மின் அடியில் கறுப்பாக வழிந்திருந்தால் வீல் சிலிண்டர் போயிருக்கிறது என்று அர்த்தம்; அதற்கு ஓஸ் மாற்றிப் பயனில்லை.

அட்டையில் எதுவுமே இல்லாமலும் ஆயில் போகலாம். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போனால் ஆயில், நம் கால் பலத்தைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டருக்குள் இறங்கி அங்கேயே தேங்கிவிடும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தின் அடியில் விரல் விட்டுப் பார்த்தால் ஈரமோ உரிந்த பெயின்டோ தட்டுப்படும். இன்னொரு சோதனை: இன்ஜின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தாக மிதித்துப் பிடியுங்கள். கால் கீழே மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ சீல் விடுகிறது, அல்லது கசிகிறது. அப்படிப்பட்ட வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம் என்று நினைக்க வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் இந்தச் சோதனையைச் செய்துபார்க்க யாருக்கும் ஆசை வராது.

என் வண்டியில் காலை அட்டையில் ஈரம் இருந்தது இடது முன் சக்கரத்துக்குக் கீழே. சக்கரத்தை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி டார்ச் அடித்தேன். ஓஸ் வளையும் இடத்தில் குறுக்குக் குறுக்காக வெடிப்பு, அதன் இரும்பு முனையருகில் பளபளப்பு.

ஊற்றி ஓட்டுவது

மைத்துனர் சொன்னதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. பேட் பாதி தேய்ந்து, கசிவு எங்கும் இல்லாமல், அளவு கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால், கொஞ்சம் ஊற்றிக்கொண்டு அடுத்த சர்வீஸ் வரை போகலாம். அந்த ஒரு நிலையில் மட்டும் இது சரியான யோசனை. கசியும் வண்டியில் ஊற்றினால், நமக்குச் சொல்ல வந்த விளக்கின் வாயை மூடுகிறோம். இன்றைக்கு மயிர்க்கோடாக இருக்கும் வெடிப்பு என்றைக்குப் பிளக்கும் என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு சொச்சம். முழுபலத்தோடு பிரேக்கை மிதித்தால் ஓஸுக்குள் அழுத்தம் 1000 பவுண்டைத் தாண்டும். சாதாரணமாக மிதிக்கும்போது தாங்குகிற ஓஸ், குறுக்கே ஆட்டோ புகுந்து நாம் எகிறி மிதிக்கும்போதுதான் கைவிடும்.

ஊற்றுவதென்றால் எதை ஊற்றுவது? டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கும். டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230. இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் இந்தக் கணக்கு முறையே 140, 155 என்று இறங்கிவிடுகிறது. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 என்பது சிலிகான். பெயரைப் பார்த்து 4ஐவிட உசத்தி என்று வாங்கி இதில் கலந்துவிடக் கூடாது. 5.1 என்பது மறுபடியும் கிளைக்கால் வகை. இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது.

கொதிநிலையை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் பகுதியில் அதைப் பற்றி ஒரு அலட்சியம் இருக்கிறது. மின்ட்டிலிருந்து மணலி வரை எல்லாம் சமதளம், முப்பது நாற்பதில் போகிறோம், பிரேக் எங்கே கொதிக்கப் போகிறது? உண்மைதான், தினசரி ஓட்டத்தில் கொதிக்காது. ஆனால் வருடத்தில் ஒருமுறையாவது இதே வண்டியில் குடும்பத்தோடு திருப்பதி போகிறோம். திருமலையிலிருந்து இறங்கும் பாதையில் கீழ் கியரில் வராமல் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால், பழைய ஆயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவி நசுங்கும், திரவம் நசுங்காது. பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும். மலையேறாத வண்டிக்கும் அந்தத் தண்ணீரால் கெடுதல் உண்டு: மாஸ்டர் சிலிண்டரையும் காலிப்பரையும் உள்ளிருந்தே துருவாக்கும்.

இதனால்தான், வீட்டில் அலமாரியில் போன வருடம் திறந்து பாதி மிச்சம் வைத்த பாட்டிலை ஊற்றாதீர்கள். கடற்கரையோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சின்ன பாட்டிலாக வாங்கி, மிச்சத்தை மறந்துவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் மாற்றுவதும் எல்லாவற்றையும் மாற்றுவதும்

எனக்கு உண்மையான குழப்பம் இங்கேதான். ஓஸ்கள் முன்னால் இரண்டு, பின்னால் அச்சு எப்படி அமைந்திருக்கிறதோ அதைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ. சேஸிஸோடு ஒட்டி ஓடுவது ஸ்டீல் பைப். சக்கரம் ஏறி இறங்கித் திரும்பும் இடத்தில் மட்டும்தான் ரப்பர். கசிவது ஒன்று. மற்றவை காய்ந்திருக்கின்றன, ஆனால் கசியவில்லை.

ஒன்றை மட்டும் மாற்றுவதன் நியாயம் செலவு அல்ல. பழைய வண்டிகளுக்கு முன் ஓஸ் ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான். எல்லா ஓஸும் சேர்ந்தாலும் குடும்பத்தோடு ஒருவேளை பிரியாணி சாப்பிட்ட கணக்குக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். அண்ணன் சொன்ன நியாயம் வேறு, அதை நான் மதிக்கிறேன்: "நல்லா இருக்கற நட்டை எதுக்குப்பா போய்த் தொடறே? தொட்டா தான் உடையும்." வடசென்னையில் இது வெறும் பேச்சு இல்லை. கடல் காற்று ஒரு பக்கம். காசிமேட்டிலிருந்து வரும் மீன் வண்டிகள் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரைச் சாலை நெடுகச் சொட்டிக்கொண்டு போவது இன்னொரு பக்கம். நமக்கு வாடை மட்டும்தான் தெரியும். வண்டிக்கு அடியில் இருக்கும் நட்டுகளுக்கு உப்பே தெரியும். ஓஸும் ஸ்டீல் பைப்பும் சேரும் இடத்து நட்டு துருவேறி, பைப்போடு ஒட்டிக்கொள்ளும். நட்டைத் திருப்பினால் பைப்பும் சேர்ந்து முறுக்கி ஒடிந்துவிடும். ஓஸ் மாற்றப் போன இடத்தில் பைப்பும் போகும்.

பாய் சொன்னதன் நியாயம் ரப்பரின் வயதில் இருக்கிறது. ஓஸ் மூன்று அடுக்கு: உள்ளே ஒரு ரப்பர் குழல், நடுவில் நூல் பின்னல், வெளியே ரப்பர் உறை. கண்ணுக்குத் தெரிவது வெளி உறை மட்டும். உள்குழல் ஊறி வழி குறுகிப்போனால் வெளியே எந்த அடையாளமும் இருக்காது. மிதிக்கும்போது காலின் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், விட்டதும் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே இருக்கும், அந்தச் சக்கரம் மட்டும் சுடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் குறையும். பலர் காலிப்பர் ஜாம் என்று நினைத்துக் காலிப்பரை மாற்றுவார்கள். ஜாக்கியில் ஏற்றி, சுற்றாமல் நிற்கும் சக்கரத்தின் காலிப்பரில் உள்ள நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை, சற்றே தளர்த்திப் பாருங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால் அழுத்தம் மேலே எங்கோ மாட்டியிருக்கிறது, பழைய வண்டியில் முதல் சந்தேகம் ஓஸ் மீதே. நிப்பிளைத் திறந்தும் விடவில்லையென்றால்தான் காலிப்பர்.

ஆக, ஒரே நாளில் பிறந்த ஓஸ்களில் ஒன்று செத்துவிட்டது. மற்றவையும் அதே வெயிலில், அதே மழையில் நின்றவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் என் ஜென் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அந்த வெள்ளத்தில் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி எண்ணெய்த் தண்ணீரில் நின்ற பழைய வண்டி வைத்திருப்பவர்கள், கசிவு வரும்வரை காத்திருக்காமல் ஓஸ்களை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது. ரப்பர் பிசுபிசுவென்று மெத்தென்று ஆகியிருந்தாலும் கெட்டது; காய்ந்து வெடித்திருந்தாலும் கெட்டது. ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதிக்க, இன்னொருவர் கீழே ஓஸைப் பார்த்தால் புடைப்பு தெரிகிறதா என்பதும் புரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ஓஸைக் கழற்றினாலும் குழாய்க்குள் காற்று புகும், பெடலை மிதித்து நிப்பிள் வழியாக அந்தக் காற்றை எடுத்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் கழற்றினாலும் ஒரே தடவை காற்று எடுத்தால் போதும், அதிலேயே பழைய ஆயில் முழுவதும் போய்ப் புதிது வந்துவிடும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். என் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினேன் என்பது எனக்கே ஞாபகமில்லை. ஒன்று ஒன்றாக மாற்றினால் நான்கு தடவை கூலி, நான்கு தடவை பாதி வேலை.

என் தீர்ப்பு பாய் பக்கம். வண்டிக்குப் பத்து வயதுக்கு மேல், ஓஸ் கம்பெனியிலிருந்து வந்ததே, ஒன்று கசிகிறது என்றால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அண்ணன் சொன்ன பயத்துக்கு மருந்து மாற்றாமல் விடுவது அல்ல. பைப் உடையும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டு தயாராகப் போவது. ஐந்து வயது வண்டியில் கல் அடித்தோ சக்கரத்தில் உரசியோ ஒரு ஓஸ் மட்டும் போனால், அங்கே அண்ணன் சொல்வது சரி. அதிலும் நான் அந்தச் சக்கரத்துக்கு ஜோடியானதையும் சேர்த்து மாற்றுவேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கட்டுமே என்று.

எந்த ஓஸ், யார் கையால்?

கம்பெனி ரப்பர் ஓஸ், வெளிக்கடை ரப்பர் ஓஸ், ஸ்டீல் பின்னல் போட்ட ஓஸ், புதுப்பேட்டையில் கழற்றிய பழைய ஓஸ் என்று நான்கு வகை கிடைக்கும். கடைசி வகையை யோசிக்கவே வேண்டாம். புதுப்பேட்டையில் நான் கதவுக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன், ஆல்டர்னேட்டர் வாங்கியிருக்கிறேன், இரண்டும் இன்றும் நன்றாக ஓடுகின்றன. ரப்பர் அப்படி அல்ல, அது கழற்றி வைத்த இடத்திலும் கிழடாகும்.

ஸ்டீல் பின்னல் ஓஸ் பார்க்க அழகு. அழுத்தத்தில் குறைவாகப் புடைப்பதால் பெடல் இன்னும் கெட்டியாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பின்னாடி டிரம், முன்னாடி சின்ன டிஸ்க் உள்ள வண்டிக்கு அந்த வித்தியாசம் அநாவசியம். அளவு சரியில்லாமல் சக்கரத்தில் உரசினால் அந்தப் பின்னலே அரமாகி மற்றதை அறுக்கும். உள்ளே என்ன ஆகிறது என்று விரலால் அழுத்திப் பார்க்கவும் வழியில்லை.

அதனால் போட்டி முதல் இரண்டுக்குள்தான். உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்குக் கம்பெனி ஓஸ் எல்லா நேரமும் கிடைக்காது. ஜி.பி. ரோடு கடைகளில் வெளிக்கடை ஓஸ் உடனே கிடைக்கும். வாங்கும்போது அதன் உடம்பில் அச்சிட்டதைப் படியுங்கள். தரமான ஓஸில் தயாரித்தவர் அடையாளமும், பெரும்பாலும் எஸ்.ஏ.இ. ஜே1401 என்ற தர எண்ணும் இருக்கும். எழுத்தே இல்லாத வழவழ ஓஸைப் பெட்டி பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்க வேண்டாம். பழையதைக் கையோடு எடுத்துப்போய் நீளத்தையும் முனையையும் வைத்துப் பார்த்து வாங்குங்கள். காப்பர் வாஷர் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு முனைக்கும் எத்தனை என்று பழையதைப் பார்த்து எண்ணிக்கொண்டு. ஒருமுறை நசுங்கிய வாஷரைத் திருப்பிப் போட்டால் அடுத்த கசிவு அங்கிருந்துதான். மாஸ்டர் சிலிண்டரோ வீல் சிலிண்டரோ தேவைப்பட்டால் கவலை குறைவு. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில்தான் இருக்கிறது, அவர்கள் பாகங்கள் பழைய மாடல்களுக்கும் கடைகளில் புழங்குகின்றன.

கம்பெனி சர்வீஸ் சென்டரா, ரோட்டோர மெக்கானிக்கா என்பதற்கு ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில் அதன் உள்ளே மாட்டிய காற்றை எடுக்கக் கணினி மாட்ட வேண்டும், அவற்றை சர்வீஸ் சென்டரிலேயே விடலாம். இல்லாத பழைய வண்டிக்குக் கைவண்ணம் முக்கியம், இடம் முக்கியம் இல்லை. ஆனால் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல் அருகிலேயே நில்லுங்கள். மூன்று வருடம் முன்பு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றும்போது, கழற்றிய காலிப்பரை ஓஸிலேயே தொங்கவிட்டு வேலை பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு அது தப்பு என்று தெரியாது. காலிப்பர் கனம் முழுவதும் ஓஸின் முனையில். இப்போது வெடித்ததும் அதே இடது பக்கம். இதனால்தான் அது என்று நிரூபிக்க முடியாது, சும்மா சொல்கிறேன். ஒரு கம்பியால் காலிப்பரை ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட அரை நிமிடம் ஆகாது. மாற்றாமல் விடப்போகும் ஓஸை வைஸ் கிரிப் (கடித்துப் பிடிக்கும் இடுக்கி) போட்டு நெரித்து ஆயிலை நிறுத்துவதும் அதே வகைத் தப்பு, உள்குழல் நசுங்கும்.

வீட்டிலேயே செய்யலாமா? எனக்கு நட்டு போல்ட் பழக்கம் உண்டு, இருந்தும் செய்யவில்லை. நட்டைச் சுற்றிப் பிடிக்கும் 10 நம்பர் ஃபிளேர் நட் ஸ்பேனர் இல்லாமல், சாதாரண டபுள் எண்ட் ஸ்பேனரால் அந்த பைப் நட்டைத் திருப்பினால் முனை மழுங்கி வட்டமாகிவிடும். ஸ்பேனர் வாங்கலாம், ஒடிந்த பைப்பின் முனையை விரித்து ஃபிளேர் போடும் கருவிக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, வண்டி ஜாக்கியில், பைப் கையில்.

பாயிடம் ஆனது

முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டுகளிலும் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவைக்கச் சொன்னார். அடித்தேன். முன் இரண்டும் சமர்த்தாக வந்தன. பின்னால் ஒன்று, பயந்தபடியே, பைப்போடு சேர்ந்து திரும்பியது. பாய் அங்கேயே நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல போனா முறுக்கிக்கும்" என்று சொல்லி, பைப்பைத் தானே வெட்டினார். பக்கத்துத் தெருவில் பைப் போடுகிறவரிடம் அந்தத் துண்டைக் காட்டி அதே நீளத்துக்குப் புதிது போட்டு வாங்கி வந்தோம். பயந்த செலவு அவ்வளவுதான்.

காற்று எடுக்கும்போது பாயின் பையனை உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார். அதற்கு முன்னால் பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டை வைத்தார். எதற்கு என்று கேட்டேன். தினமும் பெடல் பாதிதான் போகிறது. அதற்குக் கீழே மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவர் பல வருடமாகத் தொடப்படாமல் துருவும் அழுக்கும் பிடித்துக் கிடக்கும். காற்று எடுக்கிறேன் என்று தரை வரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் போய்க் கிழியும். ஓஸ் மாற்றிய மறுவாரமே மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்று வருகிற வண்டிகளில் பாதி இப்படித்தான் என்றார். இந்த மரத்துண்டு ஒன்றுக்காகவே அவரிடம் வண்டியை விடலாம்.

எந்தச் சக்கரத்தில் முதலில் காற்று எடுப்பது என்ற வரிசைக்கும் ஒரு சின்ன எச்சரிக்கை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி நெருங்கி வர வேண்டும் என்பது பழைய விதி. அமெரிக்க வீடியோ பார்த்து வலது பின் சக்கரத்தில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். நமக்கு மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம், தூரமானது இடது பின் சக்கரம். குறுக்குச் சுற்று (ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே இணைப்பில்) உள்ள வண்டிகளில் வரிசை இன்னும் மாறும், புத்தகத்தில் உள்ளபடி செய்வதே சரி. மொத்தம் முக்கால் லிட்டர் ஆயில் போனது. வெளியே வந்த பழையது டீத்தண்ணி நிறத்தில் இருந்தது, டிகாஷன் அல்ல, நான்காவது தடவை வடிகட்டியது மாதிரி. அதைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் வாங்கிவைக்கச் சொன்னேன். பாய் ஏற்கனவே கேன் வைத்திருந்தார்.

வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்த அன்று டப்பாவில் ஆயில் நின்ற மட்டத்துக்கு நேராக வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் தேதி எழுதினேன். முதல் வாரம் தினமும் காலையில் பார்த்தேன், அப்புறம் வாரம் ஒருமுறை. ஏழு வாரம் ஆகிறது. ஆயில் இன்னும் டேப்பின் மேல்விளிம்பிலேயே நிற்கிறது. டப்பாவுக்குக் கீழே கையளவு இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது, அது நான் முதல்நாள் அவசரத்தில் மைத்துனர் பேச்சைக் கேட்டு ஊற்றியபோது சிந்தியது.